மின்சாரம் வரும் வழி



மின்சாரம் என்றதும் நம்முட் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவன இரண்டு. ஒன்று சுவரிலுள்ள ஆளி. மற்றையது மாதந்தோறும் வரும் கட்டணப் பட்டியல். இவ்விரண்டுக்கும் இடையிலே மலைநாட்டு நீர்த்தேக்கத்திலிருந்து தீவகத்தின் கடற்கரை வரை நீண்டு கிடக்கும் ஒரு பெரும் அமைப்பு இருக்கிறது. அது ஒழுங்காக இயங்கும்வரை அதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விளக்கு அணைந்த பின்னரே எண்ணுகிறோம்.

நாட்டின் மின்சாரத் தேவை ஏறிக்கொண்டே போகின்றது. தேவை ஏறினால் புதிய மின்நிலையங்களைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. உற்பத்தியான மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கும் கம்பிப் பாதைகளும் உபநிலையங்களும் கூடவே வளராவிட்டால், மின்நிலையங்கள் எத்தனை இருந்தும் பயனில்லை. அஃது ஏன் என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கொழும்புக் கோட்டைப் பகுதியில் மின்விளக்குகள் ஒளிரத் தொடங்கின. 1899இல் கொழும்பு வீதிகளில் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடின. அக்காலத்தில் மின்சாரம் நகரத்தாரின் வசதிப் பொருளாகவே இருந்தது. நாட்டின் ஆறுகளிலிருந்தே மின்சாரம் பெறலாம் என்று துணிந்து கூறியவர் டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமுவ ஓயாவும் மலையிலிருந்து விழும் வேகத்தைக் கணக்கிட்டு, 1918ஆம் ஆண்டில் அவர் பொறியியலாளர் சங்கத்திலே ஒரு கட்டுரை வாசித்தார். ஆட்சியாளர் அதனை எளிதில் ஏற்கவில்லை. 1920களில் தொடங்கிய வேலை இடையிலே நின்றது. லக்சபானாவின் முதற் கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியபோது விமலசுரேந்திர முதுமை எய்தியிருந்தார். 1953இல் அவர் காலமானார். ஒரு கருத்து கட்டுரையிலிருந்து கம்பிக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அன்று லக்சபானாவிலே நிறுவப்பட்ட இயந்திரங்களின் ஆற்றல் 25 மெகாவாற்று. இக்காலத்திலே மாலை வேளையில் இலங்கை முழுவதற்கும் வேண்டப்படும் ஆற்றல் 2,500 மெகாவாற்றைத் தாண்டிவிட்டது. அஃதாவது அந்த முதல் லக்சபானாவைப் போல் நூறு நிலையங்கள் ஒருங்கே இயங்கினாற்றான் நமது ஒரு மாலைப் பொழுது கழியும்.

இந்த வளர்ச்சிக்குக் காரணம் என்ன? மக்கட்டொகை பெருகியது ஒரு காரணம். ஆனால் அது முதற் காரணம் அன்று. 1990ஆம் ஆண்டளவில் நாட்டிலுள்ள வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே மின்னிணைப்பு இருந்தது. அதன்பின் கால் நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்தது. ஆசியாவின் பல நாடுகளோடு ஒப்பிட இது பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை. அடுத்த காரணம், ஒரு வீட்டுக்குள் நுழைந்த மின்சாரம் விளக்கோடு நிற்பதில்லை என்பது. முதலில் இரண்டு விளக்கு, அடுத்து வானொலி, பின்னர் மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், இறுதியிலே குளிரூட்டி. இப்போது மின்சாரத்தில் ஓடும் முச்சக்கர வண்டிகளும் மோட்டார் வாகனங்களும் இவ்வரிசையிலே சேர்ந்துகொண்டன.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். சோறு ஆக்கும் மின்பாத்திரம் ஏறத்தாழ 700 வாற்று ஆற்றலைக் கொள்ளும். பத்து இலட்சம் வீடுகளில் மாலை ஏழு மணிக்கு இப்பாத்திரத்தை ஒரே வேளையில் இயக்குவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மாத்திரம் 700 மெகாவாற்று வேண்டும். நுரைச்சோலையிலுள்ள நிலக்கரி மின்நிலையம் நாட்டிலேயே பெரியது. அதன் மூன்று இயந்திரங்களும் சேர்ந்தால் 900 மெகாவாற்று. இரவுச் சோற்றுக்கே அதன் பெரும்பகுதி போய்விடும்! அந்தச் சோறு அரை மணி நேரத்தில் வெந்துவிடுகிறது. ஆயினும் அந்த அரை மணி நேரத்துக்காக இயந்திரமும் கம்பியும் ஆண்டு முழுவதும் ஆயத்தமாக நிற்க வேண்டும். மாலை ஆறரை மணி முதல் இரவு பத்தரை மணி வரையுள்ள நேரத்தை மின்துறையினர் உச்ச வேளை என்று கூறுவர். மின்அமைப்பின் அளவைத் தீர்மானிப்பது நாம் ஆண்டு முழுவதும் செலவிடும் மொத்த மின்சாரம் அன்று. இந்த உச்ச வேளையிலே நாம் ஒருங்கே கேட்கும் ஆற்றலே.

இனி வழங்கும் பக்கத்தைப் பார்ப்போம். 1990களின் தொடக்கம் வரை இலங்கையின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் நீரிலிருந்தே கிடைத்தது. களனி கங்கையின் கிளைகளில் லக்சபானாத் தொகுதியும், மகாவலியிலே விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை ஆகிய நிலையங்களும் நாட்டைத் தாங்கின. நீருக்கு விலையில்லை, ஆனால் வானம் பொய்த்தால் அதற்கு மாற்றும் இல்லை. 1996ஆம் ஆண்டு வரட்சியிலே நீர்த்தேக்கங்கள் வற்றின; நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு வந்தது. அதன்பின் எண்ணெயால் இயங்கும் நிலையங்கள் பெருகின. 2011 முதல் 2014 வரை நுரைச்சோலை நிலையம் மூன்று கட்டங்களாக இயங்கத் தொடங்கியது. எண்ணெயும் நிலக்கரியும் கடல் கடந்து வருவன. அவற்றுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். 2022இல் அச்செலாவணி வற்றியபோது, வானம் பொய்த்த காலத்தைவிடக் கடுமையான இருளை நாடு கண்டது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும், குளிர்சாதனப் பெட்டியை நம்பிய மீன் வியாபாரிகளும், தையல் இயந்திரத்தால் வயிறு கழுவிய பெண்களும் அந்நாட்களை எளிதில் மறக்கமாட்டார்கள்.

ஆகவே எரிபொருள் வேண்டாத வெயிலையும் காற்றையும் நோக்கி நாடு திரும்பியது நியாயமே. இங்கேதான் கம்பியின் கதை தொடங்குகிறது.

மின்சாரத்தைக் குளத்து நீரோடு ஒப்பிடலாம். இரணைமடுக் குளம் நிறைந்து வழிந்தாலும், வாய்க்கால் ஒடுங்கிக் கிடந்தால் கடைமடை வயலுக்கு நீர் சேராது. மின்நிலையம் குளம், மின்கம்பி வாய்க்கால், உபநிலையம் மதகு. ஒவ்வொரு கம்பிக்கும் தாங்கக்கூடிய அளவு ஒன்று உண்டு. அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடேறும். சூடேறினால் நீண்டு தாழும். தாழ்ந்தால் கீழுள்ள மரத்தைத் தொட்டுப் பழுது நேரும்.

கம்பி சூடேறுவது வீண் செலவுமாகும். ஒரே அளவு ஆற்றலைக் குறைந்த வோல்ற்றளவில் அனுப்பினால் மின்னோட்டம் மிகும். வோல்ற்றளவைக் கூட்டினால் மின்னோட்டம் குறையும். வெப்பமாகும் இழப்போ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஆதலால் வோல்ற்றளவைப் பத்து மடங்காக்கினால் இழப்பு நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இக்காரணத்தாலேயே மின்நிலையத்தருகே நிலைமாற்றிகள் வோல்ற்றளவை உயர்த்துகின்றன. நமது நாட்டிலே நெடுந்தூரப் பாதைகள் 220 கிலோவோல்ற்றிலும் 132 கிலோவோல்ற்றிலும் இயங்குகின்றன. உபநிலையத்திலே அது 33 கிலோவோல்ற்றாக இறங்கி ஊர்களுக்கு வருகிறது. ஊரெல்லையில் நிற்கும் நிலைமாற்றி அதனை மீண்டும் இறக்கி, 230 வோல்ற்றாக நம் வீட்டு வாசலில் விடுகிறது. இத்தனை படிகளில் எந்தவொன்று நெருக்கடிப்பட்டாலும் கடைசி வீட்டின் விளக்கு மங்கும். மாலையிலே விளக்கு மங்கி, மின்விசிறி சோர்ந்து சுழலும் ஊர்களை நீங்கள் அறிவீர்கள். அங்கே குறைவது பெரும்பாலும் நாட்டின் மின்சாரம் அன்று. அவ்வூரின் கம்பியும் நிலைமாற்றியுமே.

ஆனால் குளத்து உவமை ஓரிடத்தில் பொருந்தாது போகிறது. வாய்க்காலில் நீர் தேங்கி நிற்கும். மின்சாரம் கம்பியிலே தேங்குவதில்லை. கேட்கும் கணத்திலேயே அதனை உண்டாக்க வேண்டும். இதனை விளங்கிக்கொள்ள ஈருருளியின் தைனமோவே போதும். 1990களிலே, மின்சாரமும் மின்கலமும் இல்லாதிருந்த யாழ்ப்பாணத்திலே, ஈருருளியைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் பலர். வானொலியை முடுக்கியவுடன் மிதி கனக்கும், சுற்றுபவர் வலுவைக் கூட்டாவிட்டால் சக்கரம் மெதுவாகும், சத்தம் குன்றும். நாட்டின் மின்அமைப்பும் அதுவே. எல்லா மின்பிறப்பாக்கிகளும் ஒரே சீராகச் சுழன்று 50 ஹேர்ட்ஸ் என்னும் மீடிறனைக் காக்கின்றன. தேவை மிகுந்தால் அவை மெதுவாகும். தேவை குறைந்தால் விரைவாகும். மீடிறன் ஓரளவுக்கு மேல் பிறழ்ந்தால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே விலகிவிடும். ஒன்று விலகினால் மற்றையவற்றின் சுமை ஏறும், அவையும் விலகும். சில கணப்பொழுதில் நாடு முழுவதும் இருண்டுவிடும்.

இது வெறும் கற்பனை அன்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆந் திகதி கெரவலப்பிட்டி உபநிலையத்தில் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் பல மணி நேரம் இருளிலாழ்த்தியது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபநிலையத்திலே ஒரு குரங்கு மின்தொடர்பில் சிக்கியது. நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. குரங்கைக் கேட்டு நகைத்தவர்கள் பலர். ஒரு குரங்கு தொட்டதற்கு ஒரு நாடு ஏன் இருள வேண்டும் என்று கேட்டவர் சிலரே.

அதற்கு விடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் ஓய்ந்திருக்கும், தேவை குறைவு. வெயிலோ நன்றாக எறிக்கும். கூரைகளிலும் தரையிலுமுள்ள சூரியத் தகடுகள் முழு வலுவோடு மின்சாரம் தரும். ஆதலால் பாரமான சுழலிகளைக் கொண்ட நிலையங்களில் சிலவே இயங்கிக்கொண்டிருக்கும். பாரமான சில்லு சுற்றுவதை நிறுத்தினாலும் தன் உந்தத்தால் சிறிது நேரம் சுழலும். அந்தச் சிறிது நேரமே அமைப்பைக் காக்கும். சூரியத் தகட்டுக்குச் சில்லு இல்லை. ஆகவே உந்தமும் இல்லை. அத்தகைய வேளையில் சிறு அதிர்ச்சியும் பெரிதாகிவிடும். அதே ஆண்டு ஏப்ரல் மாதம் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைத் தகடுகளைப் பகலிலே நிறுத்தி வைக்குமாறு அவற்றின் உரிமையாளர்களை மின்சார சபை கேட்டுக்கொண்டதும் இதனாலேயே. மாலையிலே மின்சாரம் போதாமையும், நண்பகலிலே மின்சாரம் மிகையாதலும் ஒரே நாட்டிற்கு ஒரே நாளில் நேர்கின்றன. இம்முரண்பாடே நமது காலத்தின் மின்பிரச்சினை.

வடபகுதி நேயர்களுக்கு இன்னொரு பாடம் அநுபவமாகவே கிடைத்துள்ளது. போர்க் காலத்திலே, 1990ஆம் ஆண்டளவில், தெற்கிலிருந்து சுன்னாகத்துக்கு வந்த உயர் அழுத்தக் கம்பிப் பாதை அழிந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டது. யாம் போத்தலில் சில துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்த ஒரு தலைமுறை அங்கே வளர்ந்தது. பின்னர் மின்சாரம் வந்தபோதும் அது உள்ளூரில் எண்ணெய் எரித்து உண்டாக்கிய மின்சாரமாகவே இருந்தது. கம்பியால் வரவேண்டியது எண்ணெய்த் தாங்கியால் வந்தது. அதன் விலை பணத்தோடு நிற்கவில்லை. சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் கலந்தது பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் தீர்ப்பு வழங்கப்பட்டது. ஆறில்லாத குடாநாட்டுக்குச் சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நீரே உயிர். கம்பி இல்லாமையின் விலை எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. போர் முடிந்த பின்னரே கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ற்றுப் பாதை மீண்டும் அமைக்கப்பட்டது.

இப்போது வடக்கு மின்சாரத்தைப் பெறும் இடமாக மட்டுமன்றித் தரும் இடமாகவும் மாறி வருகின்றது. மன்னார்த் தீவிலே 30 காற்றாடிகளைக் கொண்ட 103.5 மெகாவாற்று நிலையம் 2020ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கப்பட்டது. தென்மேல் பருவக் காற்று அங்கே வலுவாக வீசுகின்றது. ஆயினும் காற்றாடியை நிறுத்தினால் மட்டும் போதாது. அங்கிருந்து வவுனியா வழியாக அநுராதபுரம் வரை 220 கிலோவோல்ற்றுப் பாதை அமைக்க வேண்டியிருந்தது. பழைய மின்வலை மலைநாட்டிலிருந்து கொழும்பை நோக்கி அமைந்தது. காற்றும் வெயிலும் மிகுந்த இடங்களோ வடக்கிலும் கிழக்கிலும் வரண்ட கரையோரங்களிலும் உள்ளன. ஆகவே வாய்க்காலின் திசையையே மாற்றி வெட்ட வேண்டியிருக்கிறது.

அவ்வாறு வெட்டுவது எளிதன்று. சூரிய நிலையம் ஒன்றை ஓராண்டுக்குள் அமைத்துவிடலாம். நெடுந்தூரக் கம்பிப் பாதைக்கோ பல ஆண்டுகள் வேண்டும். வழியளக்க வேண்டும், காணிச் சொந்தக்காரரின் இசைவு பெற வேண்டும், கம்பியின் கீழ் உயர்ந்த மரம் நிற்கலாகாது என்பதால் தென்னையும் பனையும் வெட்டப்படும், காட்டையும் பறவைகளின் வழியையும் காக்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். தன் தோட்டத்திலே கோபுரம் நிற்கும் மனிதனுக்கு அக்கம்பியிலிருந்து ஒரு விளக்குக்கூட நேராகக் கிடைப்பதில்லை. ‘என் மரத்தை வெட்டி யாருக்கு வெளிச்சம்?’ என்று அவன் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

இந்தக் கேள்வி புதியதன்று. மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கொத்மலையிலே ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் நிறைவேறுமுன், தலவாக்கலைப் பகுதித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தம் பழைய லயன்களை விட்டுப் புதிய இடங்களுக்குப் பெயர நேர்ந்தது. 2025இல் மன்னார் மக்கள் புதிய காற்றாடிகளை எதிர்த்து வீதியில் இறங்கினர். இவர்களை முன்னேற்றத்தின் பகைவர் என்று தள்ளிவிடுதல் தவறு. மலையும் கரையும் தரும் மின்சாரத்தால் நகரம் வாழ்கிறது. ஆகவே மலையும் கரையும் இழப்பதை நகரம் ஈடு செய்ய வேண்டும். இதனை முன்கூட்டிப் பேசித் தீர்த்த இடங்களில் கம்பி விரைவாகப் போகும். மறைத்துச் செய்ய முயன்ற இடங்களில் வழக்கும் மறியலுமாய் ஆண்டுகள் கழியும்.

இனி என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கமாகக் கூறுவேன்.

முதலாவது, கம்பி முன்னே செல்ல வேண்டும். நிலையம் பின்னே வர வேண்டும். எங்கே காற்றும் வெயிலும் உண்டு என்பது அறிந்ததே. அவ்விடங்களுக்குரிய பாதையை முன்னரே திட்டமிட்டால், கட்டிய நிலையம் கம்பிக்காகக் காத்துக் கிடவாது.

இரண்டாவது, நண்பகலின் மிகையை மாலைக்குச் சேமிக்க வேண்டும். பெரும் மின்கல அடுக்குகள் ஒரு வழி. மேலும் கீழுமாக இரண்டு நீர்த்தேக்கங்களை அமைத்து, பகலிலே மிகை மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, மாலையிலே அதனைக் கீழே விட்டு மின்சாரம் பெறுவது இன்னொரு வழி. மகா ஓயாப் பகுதியில் 600 மெகாவாற்றுக்கு இத்தகைய திட்டமொன்று வகுக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது, இலங்கையின் மின்வலை ஒரு தீவு மின்வலை. அயல் நாட்டிலிருந்து கடன் வாங்கவோ மிகையை விற்கவோ வழியின்றி அது வளர்ந்தது. இந்தியாவோடு கடலடிக் கம்பியால் இணைவது பற்றி நெடுங்காலமாகப் பேசப்பட்டு, 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டன. இணைப்பு உறுதியைத் தரும். ஆயினும் விலையையும் விதிகளையும் நன்கு ஆய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

நான்காவது, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற இடங்களை மறத்தலாகாது. கம்பி எட்டாத தீவுகளுக்குச் சூரியத் தகடு, காற்றாடி, மின்கலம் ஆகியவற்றை இணைத்துத் தனி அமைப்பு ஏற்படுத்த இந்திய உதவியோடு 2024இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. எல்லா இடத்துக்கும் நெடுங்கம்பியே விடையாகாது என்பதை இது காட்டுகிறது.

இறுதியாக, நம் கையிலுள்ள பங்கு. தோட்டத்துக்கு நீர் இறைப்பதையும், உடை அழுத்துவதையும், வாகனத்துக்கு மின்னேற்றுவதையும் உச்ச வேளையிலிருந்து நண்பகலுக்கு மாற்ற இயலும். துலா மிதித்து விடியலிலே நீர் இறைத்த நம் முன்னோர், வெயிலின் வேளை அறிந்து வேலை செய்தவர்கள். நமக்கும் அவ்வறிவு வேண்டும். ஆனால் வேறு திசையிலே. அவர்கள் வெயிலைத் தவிர்த்தார்கள். நாம் வெயிலோடு சேர்ந்து இறைக்க வேண்டும். மாலை நேரத்தில் நாம் விலக்கும் ஒவ்வொரு கிலோவாற்றும், புதிதாக நிறுவத் தேவையில்லாத ஓர் இயந்திரத்தின் பகுதி. வெட்டத் தேவையில்லாத ஒரு தென்னை.

இவை யாவற்றுக்கும் பணம் வேண்டும். அப்பணம் கட்டணமாகவோ வரியாகவோ கடனாகவோ நம்மிடமிருந்தே போகும். அதனை மறைத்து மலிவு விலை பேசுவோர் நமக்கு நன்மை செய்பவர் அல்லர். அதேவேளை, இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உடைய வீட்டையும், பல குளிரூட்டிகள் இயங்கும் மாளிகையையும் ஒரே தராசில் நிறுத்தலும் நீதியாகாது. உச்ச வேளைச் சுமையை யார் ஏற்றுகின்றனரோ அவர் அதற்கேற்ப ஈந்தாக வேண்டும்.

நேயர்களே, மின்நிலையம் திறக்கும் நாளிலே தலைவர்கள் வருவார்கள், மாலை விழும், படம் பிடிக்கப்படும். உபநிலையத்தில் ஒரு நிலைமாற்றி மாற்றப்படும் நாளில் யாரும் வருவதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் விளக்கு எரிவதும் அணைவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையிலேயே தங்கியுள்ளது. அதனைக் கவனிக்கும் அரசையும், அதற்காக மழையிலும் காற்றிலும் கம்பத்திலேறும் தொழிலாளரையும் மதிக்கப் பழகுவோமாக.